கிணற்றடிக் கமரா

ஒரே வளவு: அத்தியாயம் 14

நீலப் பை கட்டிலடியில் தயாராக இருந்தது. சிப் இழுத்து மூடி, மேலே ஒரு துவாயையும் மடித்து வைத்தாயிற்று. குசினிக்கும் அறைக்குமாக நடந்த கிறேஸ், ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காதவள் போலத் தாண்டிப் போனாள்.

"நீங்கள் பாக்காட்டியும் அது அங்கதான் இருக்கும் அம்மா," என்றாள் றொஷேல். "இண்டைக்கு இணக்கசபையில கமராவைக் கழட்டுறதெண்டு முடிவு வந்தா நிக்கிறன். இல்லாட்டிப் பின்னேர பஸ்ஸில வெள்ளாங்குளம். சின்னம்மா வரச்சொல்லிட்டா."

பத்தொன்பது வயது. சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததென்று கிறேஸுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிறாளே.

நடந்ததை ஒருமுறை தொட்டுக்கொண்டு வருவோம். மன்னாரில் கீரிக் கிராமத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று பெனடிக்றும் கிறேஸும் மகளும் இருக்கிற, கூரைக்குச் சீற் போட்ட வீடு. மற்றது பெனடிக்றின் அண்ணன் அருள்நேசன் சுவிஸிலிருந்து கட்டுவித்த மாடிவீடு. அதில் ஆள் இல்லை, ஆனால் நாலு கமரா உண்டு. ஒன்று, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைப் பார்த்தபடி நின்றது.

அந்தக் கமராவில் விழுந்த ஒரு துண்டுப் படம்தான் வினை. செக்கல் பொழுது, இருள் விழுகிற நேரம். கிணற்றடி வேலிக்கு இந்தப் பக்கம் றொஷேல், அந்தப் பக்கம் ஒரு பெடியன். அவன் ஏதோ சொல்ல அவள் சிரிக்கிறாள். சத்தம்கூட இல்லை. அருள்நேசனின் மனைவி மெற்றில்டா அதை, "இது ஆர்?" என்ற கேள்வியோடு குடும்ப வாட்ஸப் குறூப்பில் போட்டாள். லண்டன், நோர்வே, கனடா என்று சிதறிக் கிடக்கிற சொந்தமெல்லாம் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். குறூப்பின் வாய் அதைவிடப் பெரிது.

கிறேஸ் பொலிசுக்குப் போனாள். குடும்பத்துக்குள் தீர்க்கிற விஷயம் என்று அவர்கள், வழக்கில்லாமல் பேசித் தீர்த்துவைக்கிற இணக்கசபைக்கு அனுப்பினார்கள். அறிவித்தல் கிடைத்ததும் அருள்நேசன் லீவு போட்டுவிட்டுத் தானே வந்து இறங்கிவிட்டார். கேற்றடியில் அவருடைய வான் வந்து நின்றதோடு போன கிழமை விட்டோம்.

வந்து சில நாளாகிவிட்டது. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரு வார்த்தை பேச்சில்லை.

பெனடிக்ற் கரையிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்தான். வலையில் ஒன்றும் படாத நாளிலும் வாய் ஓயாத மனிதன், அந்தப் படம் வந்ததிலிருந்து மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இருவருக்கும் நடுவே கிறேஸ்தான் தபால்காரி.

அவன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தான்.

"ரொறன்ரோ பேபி மாமி குறூப்பில போட்டிருக்கிறா. 'அருள் விடிய விடிய ஹோலுக்குள்ள துவாயோட நடக்கிறான், நித்திரை இல்லைப்போல. கிறேஸ், ஒரு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடும்.'"

"என்ன கரிசனை," என்றாள் கிறேஸ். "மெற்றில்டா அக்கா சொல்லியிருப்பா. அந்த மனிசி வீட்டில தும்மினாலும் ரொறன்ரோவுக்குத் தெரியும்."

ஆனாலும் இஞ்சியைத் தட்டிப் போட்டாள். கோபம் கோபந்தான், அதற்காகக் கடல் கடந்து வந்த மனிதன் வெறும் வயிற்றோடு வழக்குக்கு வருவதா? பெனடிக்ற் கோப்பையைக் கொண்டுபோய் அண்ணனின் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

*

இணக்கசபை மன்னார் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. கச்சான் காற்று யன்னலால் மண்ணை அள்ளி வந்து மேசைகளில் கொட்டியது. சிறு பிள்ளைகளின் வாங்குகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தரணிமாருக்கு அங்கே இடமில்லை. மூன்று பேர் சபையாக இருந்தார்கள். தலைமை சுபத்திரா ரீச்சர். பென்சன் எடுத்தும் வகுப்பை அடக்குகிற குரலை மட்டும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வராதவர்.

"இது கோட்டு இல்லை," என்று அவர் தொடங்கினார். "இஞ்ச ஆரும் வெல்லுறதும் இல்லை, தோக்கிறதும் இல்லை. ஒருத்தர் கதைக்கேக்க மற்றவர் கேக்கவேணும். அருள்நேசன், நீங்கள் தொடங்குங்கோ."

அருள்நேசன் இஸ்திரி போட்ட சேட்டோடு எழும்பினார். ஒரு கையில் போன்; அதில் மெற்றில்டா முகம். பக்கத்தில், கமரா பூட்டிக் கொடுத்த நஸார் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ரீச்சர், வீடு பூட்டிக் கிடக்கு. கிணத்தடி மோட்டரை ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் களவெடுத்துட்டாங்கள். அதுக்குத்தான் கமரா. அது பிள்ளையைப் பாக்கேல்லை, மோட்டரைப் பாக்குது. என்ர சுவர், என்ர கமரா. அதில விழுற படமும் என்ர. லோயரிட்டையும் கேட்டனான்."

கிறேஸ் பொறுத்திருக்க நினைத்தாள். முடியவில்லை.

"சுவர் உங்கட அத்தான். கமராவும் உங்கட. முகம் என்ர பிள்ளேட. அது எப்ப உங்கட சொத்தானது?"

"உம்மட முறை வரும் கிறேஸ்," என்றார் ரீச்சர். ஆனால் அவருடைய பேனை அதைத்தான் குறித்தது. பிறகு அருள்நேசனைப் பார்த்தார். "ஒண்டு கேக்கிறன். சுவிஸில உங்கட கமராவைப் பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கிற பக்கம் பூட்டுவீங்களோ?"

அருள்நேசன் நேர்மையாகவே சொன்னார்.

"அங்க விடமாட்டாங்கள்."

"அப்ப இஞ்ச?"

"இது எங்கட சொந்தம்தானே எண்டு..."

அந்நியனுக்குக் காட்டுகிற மரியாதையைச் சொந்தத்துக்குக் காட்டத் தேவையில்லை என்று நாமெல்லோரும் எங்கேயோ படித்து வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளிக்கூடத்தில் என்றுதான் தெரியவில்லை.

"சட்டம் ஆருக்குச் சரி சொல்லும் எண்டு எனக்குத் தெரியாது," என்றார் ரீச்சர். "கோட்டுக்குப் போனா அது தெரிய முந்தி அண்ணன் தம்பி ரெண்டுபேருக்கும் தலை நரைச்சிடும். இஞ்சயே பாப்பம். அந்தத் துண்டுப் படத்தை எடுத்தது ஆர்?"

"நான் எடுக்கேல்லை ரீச்சர்," போனுக்குள்ளிருந்து மெற்றில்டா சொன்னாள். "அண்டைக்குத் தொடக்கம் சொல்லுறன், ஒருத்தரும் நம்பீனம் இல்லை. எனக்கு வேற ஒராள் அனுப்பினது. நான் குறூப்பில போட்டது மட்டும்தான்."

கிறேஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "கமராவைப் பாக்கிறது நீங்களும் அத்தானும் மட்டும்தானே அக்கா. வேற ஆர் எடுக்கிறது, வானத்துச் சம்மனசோ?"

"அதைத்தான் நஸார் காட்டுவார்," என்றார் அருள்நேசன். "ரெண்டு போனிலதான் அது திறக்கும். நஸார், ரீச்சருக்குக் காட்டுங்கோ."

நஸார் போனில் எங்கேயோ தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். நெற்றியைத் துடைத்தார்.

"அருள் அண்ணை, இதில ரெண்டு போன் இல்லை."

"பின்ன?"

"இருபதுக்கு மேல இருக்கு."

போன் மேசையைச் சுற்றிக் கைமாறியது. திரையில் பெயர்கள் வரிசையாக இருந்தன. யசிந்தா. அன்ரன் லண்டன். நோர்வே சின்னவன். பேபி மாமி. பேபி மாமி புதுப் போன்.

அருள்நேசன் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"பெருநாள்," என்றார். "போன வருசப் பெருநாள்."

விஷயம் இதுதான். மாதா கோயில் பெருநாள் பின்னேரம் மாதாவின் சொரூபக் கூடு சுற்றுப்பிரகாரமாக இந்த வளவு வாசலால்தான் போகும். வெளிநாட்டில் கிடக்கிற சனம் அதைப் பார்க்க ஏங்கியது. வாசலில்தான் கமரா இருக்கிறதே என்று அருள்நேசன், பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே குறூப்பில் போட்டுவிட்டார். எத்தனையோ நாட்டில் அன்று முழங்காலிட்டு அழுதார்கள். பெருநாள் முடிந்து கொடி இறங்கியது. கடவுச்சொல்லை மாற்ற ஒருவருக்கும் நினைவில்லை.

"வாசல் கமரா மட்டும் தெரியும் எண்டு நினைச்சன்," என்றார்.

"ஒண்டு திறந்தா நாலும் திறந்த மாதிரித்தான் அண்ணை," என்றார் நஸார். "வாசல், மோட்டர், பின்வளவு, ஹோல்."

"ஹோலுமோ?"

அப்போதுதான் கிறேஸுக்குக் காலையில் வந்த இஞ்சித் தேத்தண்ணிச் செய்தி நினைவுக்கு வந்தது. அவள் பெனடிக்றின் சேட்டுப் பையிலிருந்த போனை எடுத்து, பேபி மாமியின் செய்தியை எழுத்துக்கூட்டுவது போல நிதானமாக வாசித்தாள்.

"'அருள் விடிய விடிய ஹோலுக்குள்ள துவாயோட நடக்கிறான்.'"

அருள்நேசனின் கை தன்னையறியாமல் சேட்டின் மேல் பொத்தானைத் தேடிப் பூட்டியது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வந்துவிட்டது.

சபையிலிருந்த மற்ற இருவரில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். றொஷேல் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கிணத்தடிக்குப் போய் வந்ததை இத்தனை பேரும் பாத்தவையோ பெரியப்பா?"

சிரிப்பு அங்கேயே நின்றது. கிறேஸ் மகளின் கையைப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது.

"குளிக்கிறது தெரியாது தங்கச்சி," என்று நஸார் அவசரமாகச் சொன்னார். "கமரா பூட்டின கிழமையே கிணத்தைச் சுத்தி மறைப்புக்குத் தறப்பாள் கட்டிட்டீங்களே. நான் மோட்டர் தெரியேல்லை எண்டு அண்ணைக்குச் சொல்லியும் இருக்கிறன். கமராப் பெட்டியில இருக்கிற பதிவும் ரெண்டு கிழமைக்கு மேல நிக்காது, தானா அழிஞ்சிடும்."

உண்மைதான். கச்சான் வந்து தறப்பாளைக் கிழித்த நாளிலிருந்து றொஷேல் கிணற்றடியில் குளித்ததில்லை. இருட்டுக்குள் வாளியில் தண்ணீர் அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோய்த்தான் குளித்தாள்.

"தறப்பாள் ஆர் கட்டினது?" ரீச்சர் கேட்டார்.

இவ்வளவு நேரமும் பின்வாங்கில் ஒடுங்கியிருந்த பெனடிக்ற் எழும்பினான்.

"நான்தான்."

"ஏன் கட்டினனீங்கள்?"

"அண்ணையிட்ட, கமராவைத் திருப்பு எண்டு சொல்ல வாய் வரேல்லை. எங்களைப் படிப்பிச்சவர், படகு வாங்கித் தந்தவர். அவருக்கு முன்னால நிண்டு நான் என்னெண்டு சொல்லுறது? அதுதான் தறப்பாளைக் கட்டினன். கிழிஞ்சா தைச்சன். பேந்தும் கிழிஞ்சது."

அவன் மகளைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான்.

"இன்னொண்டும் சொல்லவேணும். அந்தப் படத்தைப் பாத்துப்போட்டு நான் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. சத்தமே இல்லாத படம். அதை நம்பினன், பெத்த பிள்ளையை நம்பேல்லை. அண்ணையில மட்டும் பிழை சொல்ல எனக்கு உரிமை இல்லை."

கிறேஸ் புருசனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதன் ஓயாமல் பேசியிருக்கிறான். பேசவேண்டியதைப் பேசியது இன்றைக்குத்தான். பக்கத்தில் றொஷேலின் கை மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.

அதுமட்டுமல்ல, கிறேஸின் நெஞ்சிலிருந்த பாரமும் எங்கேயோ இறங்கியிருந்தது. ஒருத்தி சுவிஸில் உட்கார்ந்து தன் வீட்டை உளவு பார்க்கிறாள் என்று நினைத்து இத்தனை நாளும் வெந்தாள். இப்போது பார்த்தால், திட்டமும் இல்லை, வஞ்சமும் இல்லை. சுத்த மடைத்தனம். மடைத்தனத்தை மன்னிக்கலாம், குடும்பம் என்றால் அதைத்தானே வருசக்கணக்காகச் செய்கிறோம்.

"கிறேஸ்," போனுக்குள் மெற்றில்டா கூப்பிட்டாள். "அந்தப் படத்தை எனக்கு அனுப்பினது பேபி மாமி. அவவைக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு வாய் திறக்கேல்லை. ஆனா குறூப்பில போட்டது என்ர பிழைதான். உன்னட்டத் தனியக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை."

"ஓம் அக்கா. கேட்டிருக்கலாம்," என்றாள் கிறேஸ். பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்றாள். எங்கள் பக்கத்தில் மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் வரும்.

ரீச்சர் கடதாசியை முன்னால் இழுத்தார். கடவுச்சொல் இன்றைக்கே மாற்றப்படும். படத்தைக் குறூப்பில் இருந்தும் அவரவர் போனில் இருந்தும் அழிக்க வேண்டும். கிணற்றடிக் கமராவை மறுபக்கம் திருப்பவேண்டும்.

"திருப்பினா காணாது ரீச்சர்," என்றாள் றொஷேல். "கழட்டவேணும். பெரியப்பாவே தன்ர கையால கழட்டவேணும்."

நீலப் பை கிறேஸின் கண்முன்னால் வந்து நின்றது.

அருள்நேசன் தம்பி மகளைப் பார்த்தார்.

"மோட்டரைப் பெட்டி அடிச்சுப் பூட்டுவம்," என்றார். "ஏணி இருக்கோ தம்பி?"

ஊருக்கு வந்ததிலிருந்து அவர் தம்பியோடு பேசிய முதல் பேச்சு அந்த ஏணிதான்.

எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அருள்நேசன் அங்கிருந்தே குறூப்புக்குக் குரல் செய்தி போட்டார். படத்தை எல்லோரும் அழிக்கவேண்டும், பிழை தன்னுடையது, இனிமேல் கமரா ஒருவருக்கும் திறக்காது என்று. உடனே பேபி மாமியின் மறுமொழி வந்தது.

"அப்ப இனி உங்களையெல்லாம் நான் எப்பிடிப் பாக்கிறது?"

அதில் கோபம் இல்லை, தவிப்புத்தான் இருந்தது. கிறேஸ் தானே பதில் எழுதினாள்.

"கோல் எடுங்கோ மாமி. நாங்கள் முகத்தைக் கழுவிப்போட்டு வாறம்."

*

மத்தியானத்துக்குப் பிறகு ஏணி சாத்தப்பட்டது. ஏறியது அண்ணன்; பிடித்தது தம்பி. காற்றில் ஏணி ஆட, "மெல்ல அண்ணை, மெல்ல," என்று பெனடிக்ற் சொல்லிக்கொண்டே இருந்தான். பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. ஆணி எங்கே, திருகு எந்தப் பக்கம், சுவிஸில் ஏணி ஏறுவதில்லையா என்று அவன் கேட்ட கேள்விகளுக்கு மேலேயிருந்து உறுமல்தான் பதிலாக வந்தது.

கமரா கையோடு வந்தது. சுவரில் வயர் துளையும் வெள்ளை வட்டமும் மிஞ்சின. அருள்நேசன் அதைத் துவாயில் சுற்றி றொஷேலிடம் கொடுத்தார்.

"நீயே வைச்சிரு மகள்."

"எனக்கென்னத்துக்குப் பெரியப்பா? கொண்டுபோய் சுவிஸில பூட்டுங்கோ. விடமாட்டாங்கள் எண்டா அலுமாரிக்குள்ள வையுங்கோ."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தம்பியின் சிரிப்பைப் போலவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கிறேஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் தலையில் கொட்டுகிற சத்தம். மறுபடி வாளி. மறுபடி தண்ணீர். பட்டப்பகலில், நெஞ்சுக்கு மேல் சேலை சுற்றிய குறுக்குக்கட்டோடு, ஊரிலிருக்கிற எல்லாப் பெண்களையும் போல அவள் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கிறேஸ் கத்தியை வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். கிணறே வற்றினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

றொஷேல் தலையைத் துவட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். நீலப் பையின் மேலிருந்த துவாய்தான் அது. கிறேஸ் அதைக் கண்டாள், கண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பலகையை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, குறூப்பில இருக்கிற எல்லாரும் கேட்டவை. பேபி மாமி ரெண்டு போனிலயும் கேட்டவ. நீங்கள் மட்டும் ஒருநாளும் கேக்கேல்லை."

"என்னத்தை?"

"அந்தப் பெடியன் ஆரெண்டு."

கிறேஸ் சட்டியில் பொரிகிற மீனைப் புரட்டினாள்.

"உனக்குச் சொல்லவேணும் போல இருந்தா சொல்லுவாய் எண்டு விட்டனான்."

வெளியே அண்ணனும் தம்பியும் மோட்டருக்குப் பெட்டி அடிப்பதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். றொஷேல் அந்தப் பக்கம் பார்த்தாள். ஈரத் தலையைப் பின்னால் தள்ளிவிட்டு, பிடிவாதக்காரியின் முகத்தோடு தாயிடம் திரும்பினாள்.

"அப்பாவையும் கூப்பிடுங்கோ. ரெண்டு பேருக்கும் நானே என்ர வாயால சொல்லுறன்."

கிறேஸ் அடுப்பைத் தணித்தாள்.